வன்தட்டிலுள்ள வீட்டு நிகழ்படங்களைத் தொலைக்காட்சியில் இயக்குதல்

கணினியின் வன்தட்டிலோ, புற வன்தட்டிலோ சேமித்து வைக்கப்பட்டுள்ள குடும்ப நிகழ்படங்களைத் தொலைக்காட்சித் திரையில் காண்பதற்குப் பல வழிமுறைகள் பயன்படுத்தப்படுகின்றன. பேச்சு வழக்கில் வீடியோ எனப்படும் நிகழ்படங்களுள் திருமணம், வளைகாப்பு, காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா, புதுமனை புகுவிழா போன்ற நிகழ்வுகளின் பதிவுகள் வீட்டு நிகழ்படங்கள் எனப்படுகின்றன. கணினித் திரையை ஓரிருவரே வசதியாகப் பார்க்க இயலும். குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து பார்ப்பதற்குத் தொலைக்காட்சியே ஏற்றது.

வன்தட்டிலுள்ள ஒரு நிகழ்படம் தொலைக்காட்சியில் இயங்குவதற்கு மூன்று பொருத்தங்கள் அமைய வேண்டும். அவை:

1. வன்தட்டின் கோப்பு முறைமையை இயக்கும் கருவி படிக்க வேண்டும்.
2. கோப்பின் கொள்கலனையும் கோடெக்கையும் அக்கருவி அறிந்திருக்க வேண்டும்.
3. அக்கருவிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே ஒத்த இணைப்பு இருக்க வேண்டும்.

இம்மூன்றில் ஒன்று தவறினாலும் படம் தெரியாது. பழுதடைந்துவிட்டதாகக் கருதி ஒதுக்கப்படும் வன்தட்டுகளும் கோப்புகளும் பல நேரங்களில் பழுதற்றவையே. பொருத்தம் இல்லாமையே காரணமாக இருப்பதுண்டு.

வரலாறு

இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1982 இல் தொடங்கியது. இந்தியா பால் என்னும் ஒளிபரப்பு முறையைப் பின்பற்றியது. இம்முறையில் ஒரு நொடிக்கு 25 சட்டங்கள் காட்டப்படுகின்றன. 1980களிலும் 1990களிலும் தமிழ்நாட்டில் திருமணங்கள் பெரும்பாலும் வி.எச்.எஸ். நாடாவில் பதிவு செய்யப்பட்டன. ஒளிப்பட நிலையத்தார் அதனைத் தொகுத்து, திரைப்படப் பாடல்கள் சேர்த்து, "கல்யாண கேசட்" என்ற பெயரில் வழங்கினர். பின்னர் வி.சி.டி. குறுந்தட்டும், அதன் பின் டி.வி.டி.யும் அவ்விடத்தைப் பிடித்தன. 2010களில் பதிவுகள் பேனா நினைவகத்திலும் புற வன்தட்டிலும் வழங்கப்படலாயின.

நாடாவும் தட்டும் தத்தமக்கெனத் தனி இயக்கியைக் கொண்டிருந்தன. இயக்கியைத் தொலைக்காட்சியுடன் ஒருமுறை இணைத்துவிட்டால் எந்த நாடாவும் ஓடியது. வன்தட்டுக்கு அத்தகைய ஒரே இயக்கி இல்லை. அதில் எவ்வகைக் கோப்பும் இருக்கலாம். அதனைக் கணினி, டி.வி.டி. இயக்கி, தொலைக்காட்சி ஆகிய எவற்றிலும் செருகலாம். இந்த வசதியே பொருத்தச் சிக்கலுக்கும் காரணமாகின்றது.

விழுப்புரம், திண்டிவனம் பகுதியில்

விழுப்புரம் மாவட்டம் 1993 இல் தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. விழுப்புரம் மாவட்டத் தலைநகரும் தொடர்வண்டிச் சந்திப்பும் ஆகும். திண்டிவனம் அதற்கு வடகிழக்கே, சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது. சிற்றூர்களால் சூழப்பட்ட இவ்விரு நகரங்களிலும் தொலைக்காட்சியும் கணினியும் வீடுகளுக்கு வந்த விதத்தில் தமிழக அரசின் இரு திட்டங்களுக்குக் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு.

முதலாவது, 2006 இல் தொடங்கப்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். இத்திட்டத்தின் கீழ் 2011 வரை தமிழ்நாடு முழுவதும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குலத் தொலைக்காட்சிகள் வழங்கப்பட்டன. இரண்டாவது, 2011 இல் தொடங்கப்பட்ட இலவச மடிக்கணினித் திட்டம். இதன் கீழ் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் மடிக்கணினி பெற்றனர். இதனால் அதுவரை கணினி இல்லாத பல வீடுகளில் தொலைக்காட்சியும் மடிக்கணினியும் ஒரே கூடத்தில் இடம்பெற்றன.

ஆயினும் இவ்விரண்டையும் நேரடியாக இணைப்பது எளிதாக இருக்கவில்லை. அக்காலக் கதிர்க்குழாய்த் தொலைக்காட்சிகள் பொதுவாக மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறத் துளைகள் வழியாக ஒப்புமைக் குறிகையை மட்டுமே ஏற்றன. மடிக்கணினிகளோ வி.ஜி.ஏ. அல்லது எச்.டி.எம்.ஐ. வாயில் வழியாகப் படத்தை வெளியிட்டன. இடையில் ஒரு குறிகை மாற்றி தேவைப்பட்டது. யுஎஸ்பி வாயில் கொண்ட டி.வி.டி. இயக்கியே இவ்விடைவெளியை மலிவாக நிரப்பியது. மடிக்கணினியில் கோப்பைப் பேனா நினைவகத்தில் ஏற்றி, அதனை டி.வி.டி. இயக்கியில் செருகி, மூவண்ண வடத்தின் வழியே தொலைக்காட்சியில் பார்க்க முடிந்தது.

மின்வெட்டு மற்றொரு இடர்ப்பாடாக இருந்தது. 2008 முதல் சில ஆண்டுகளுக்குச் சென்னைக்கு வெளியிலுள்ள மாவட்டங்களில் நெடுநேர மின்வெட்டு நிலவியது. மடிக்கணினிக்கு மின்கலம் இருந்தது, தொலைக்காட்சிக்கு இல்லை. கோப்பு எழுதப்படும்போது மின்சாரம் நின்றால், மேசைக் கணினியுடன் இணைக்கப்பட்டிருந்த புற வன்தட்டின் கோப்பு முறைமை சிதைவதற்கு வாய்ப்பு இருந்தது.

கோப்பு முறைமைப் பொருத்தம்

வன்தட்டில் கோப்புகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் கோப்பு முறைமை தீர்மானிக்கின்றது. வீட்டுப் பயன்பாட்டில் மூன்று முறைமைகள் பரவலாக உள்ளன.

* ஃபேட்32: ஏறத்தாழ எல்லாத் தொலைக்காட்சிகளும் டி.வி.டி. இயக்கிகளும் இதனைப் படிக்கின்றன. ஆனால் ஒரு கோப்பின் அளவு 4 ஜிகாபைட்டைத் தாண்ட இயலாது.
* என்.டி.எஃப்.எஸ்.: விண்டோசு இயக்குதளத்தின் முறைமை. இதற்கு 4 ஜிகாபைட் வரம்பு இல்லை. பழைய டி.வி.டி. இயக்கிகள் பலவற்றால் இதனைப் படிக்க இயலாது.
* எக்ஸ்ஃபேட்: 2006 இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்டது. பெரிய கோப்புகளை ஏற்கும். 2019 இல் இதன் விவரக்குறிப்பு பொதுவில் வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் லினக்ஸ் கருவிலும் இதற்கு ஆதரவு சேர்க்கப்பட்டது. பழைய தொலைக்காட்சிகள் பல இதனை ஏற்பதில்லை.

4 ஜிகாபைட் வரம்பு வீட்டு நிகழ்படங்களுக்கு முக்கியமானது. எடுத்துக்காட்டாக, மினிடிவி நாடாவிலிருந்து அப்படியே கணினிக்கு மாற்றப்பட்ட ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 13 ஜிகாபைட் இடம் பிடிக்கும். அதாவது, ஃபேட்32 இல் 20 நிமிடப் பதிவுக்கு மேல் ஒரே கோப்பாக வைக்க இயலாது.

தொலைக்காட்சி சில நேரங்களில் "வடிவமைக்க வேண்டுமா?" என்ற வினாவைத் திரையில் காட்டும். கோப்பு முறைமையை அறியாத கருவியும் இவ்வாறு கேட்பதுண்டு. இதற்கு ஆம் என்று விடையளித்தால் வன்தட்டிலுள்ளவற்றை இழக்க நேரிடும்.

கொள்கலன், கோடெக் பொருத்தம்

கோப்புப் பெயரின் இறுதியிலுள்ள நீட்சி பொதுவாகக் கொள்கலனைக் குறிக்கும். கொள்கலனுக்குள் படமும் ஒலியும் தனித்தனிக் கோடெக்குகளால் சுருக்கப்பட்டிருக்கும். ஒரே நீட்சி கொண்ட இரு கோப்புகளுள் ஒன்று ஓடி மற்றொன்று ஓடாமல் இருப்பதற்கு இதுவே காரணம். படம் தெரிந்து ஒலி வராதபோது, பெரும்பாலும் ஒலியின் கோடெக் பொருந்தவில்லை எனக் கொள்ளலாம்.

* வி.சி.டி.: எம்பெக்-1 கோடெக், 352×288 படப்புள்ளிகள். தட்டிலுள்ள கோப்பு ".டாட்" நீட்சி கொண்டது. தொலைக்காட்சிகள் பொதுவாக இந்நீட்சியை நிகழ்படமாகக் கொள்வதில்லை.
* டி.வி.டி.: எம்பெக்-2 கோடெக், 720×576 படப்புள்ளிகள். ".வோப்" கோப்புகள் ஒவ்வொன்றும் ஒரு ஜிகாபைட்டைத் தாண்டாமல் துண்டாக்கப்பட்டிருக்கும். எனவே வன்தட்டில் படியெடுத்தால் திருமணப் பதிவு பல துண்டுகளாகத் தெரியும்.
* எக்ஸ்விட்: ".ஏவிஐ" கோப்புகளில் காணப்படுவது. யுஎஸ்பி வாயில் கொண்ட டி.வி.டி. இயக்கிகள் பலவும் இதனை இயக்கின.
* எச்.264: 2003 இல் வரையறுக்கப்பட்டது. உயர் வரையறை நிகழ்படக் கருவிகளிலும் கைப்பேசிகளிலும் பரவலாகப் பயன்படுகின்றது. இன்றைய தொலைக்காட்சிகள் எளிதில் இயக்கக்கூடியது.
* எச்.265: 2013 இல் வரையறுக்கப்பட்டது. கோப்பின் அளவு குறையும். ஆனால் பழைய தொலைக்காட்சிகள் இதனை அறியா.

வி.எல்.சி. போன்ற கட்டற்ற இயக்கி மென்பொருள்கள் மேற்கூறிய அனைத்தையும் இயக்குகின்றன. ஆகவே கணினியில் ஓடும் கோப்பு தொலைக்காட்சியில் நேரடியாக ஓடவில்லையெனில், கணினியையே இயக்கியாகக் கொண்டு, தொலைக்காட்சியைத் திரையாக மட்டும் பயன்படுத்தலாம். இல்லையெனில், கோப்பை எச்.264 கோடெக்குக்கு மாற்றலாம். ஹேண்ட்பிரேக், எஃப்எஃப்எம்பெக் ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் இதற்குப் பயன்படுகின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் தரம் சிறிது குறையும். எனவே மாற்றிய பின்னரும் மூலக்கோப்பை அழிக்காது வைத்திருத்தல் வேண்டும்.

இணைப்பு முறைகள்

கணினியிலிருந்து வடம் வழியாக

2002 இல் அறிமுகமான எச்.டி.எம்.ஐ. ஒரே வடத்தில் படத்தையும் ஒலியையும் கொண்டு செல்கின்றது. இணைத்த பின் ஒலி கணினியிலேயே கேட்குமாயின், இயக்குதளத்தின் ஒலி அமைப்பில் வெளியீட்டுக் கருவியாகத் தொலைக்காட்சியைத் தெரிவு செய்ய வேண்டும். வி.ஜி.ஏ. வடம் படத்தை மட்டுமே கடத்தும். ஒலிக்குத் தனி வடம் தேவை. கதிர்க்குழாய்த் தொலைக்காட்சியுடன் இணைக்க, எச்.டி.எம்.ஐ. குறிகையை மூவண்ணத் துளைகளுக்கேற்ப மாற்றும் சிறு பெட்டிகள் கிடைக்கின்றன. வெறும் வடத்தால் இம்மாற்றத்தைச் செய்ய இயலாது.

தொலைக்காட்சியின் யுஎஸ்பி வாயிலில்

இது மிக எளிய முறை. எனினும் மின்னோட்டம் போதாமை ஒரு சிக்கலாகும். யுஎஸ்பி 2.0 வாயில் 500 மில்லிஆம்பியர் வரையிலும், யுஎஸ்பி 3.0 வாயில் 900 மில்லிஆம்பியர் வரையிலும் மின்னோட்டம் வழங்க வரையறுக்கப்பட்டுள்ளன. சுழலும் வன்தட்டு ஒன்று தொடங்கும்போது இதனினும் கூடுதலாகக் கேட்கலாம். வன்தட்டிலிருந்து "டிக், டிக்" என்ற ஒலி தொடர்ந்து எழுந்து, படம் எதுவும் தோன்றவில்லையெனில் மின்னோட்டக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம். அவ்வாறாயின் உடனே கழற்றிவிட்டு, தனி மின்வழங்கி கொண்ட யுஎஸ்பி குவியத்தின் வழியாக இணைத்துப் பார்க்கலாம். வேறு கணினியிலும் அதே ஒலி எழுந்தால் வன்தட்டு பழுதடைந்து வருகின்றது எனக் கொள்ள வேண்டும்.

வீட்டு வலையமைப்பு வழியாக

கணினியை ஊடக வழங்கியாக அமைத்து, வைஃபை வழியாகத் தொலைக்காட்சிக்கு அனுப்புவது மூன்றாவது முறை. 2003 இல் தொடங்கப்பட்ட டி.எல்.என்.ஏ. என்னும் தொழிற்கூட்டமைப்பு இதற்கான பொது வழிகாட்டு நெறிகளை உருவாக்கியது. அவ்வமைப்பு 2017 இல் கலைக்கப்பட்டது. எனினும் அதன் நெறிகளைப் பின்பற்றும் கருவிகள் பயன்பாட்டில் உள்ளன. 2018 இல் தொடங்கிய ஜெல்லிஃபின் என்னும் கட்டற்ற வழங்கி மென்பொருள், தொலைக்காட்சிக்குப் பொருந்தாத கோப்பை ஓடும்போதே மாற்றி அனுப்ப வல்லது. கணினி வலுக்குறைந்ததாயின் இம்மாற்றத்தின்போது படம் தேங்கித் தேங்கி ஓடும்.

இம்முறைக்கு இணைய இணைப்பு கட்டாயமன்று. கணினியும் தொலைக்காட்சியும் ஒரே வீட்டு வலையமைப்பில் இருந்தால் பொதுவாகப் போதுமானது. இணைய வேகம் குறைந்த சிற்றூர்களுக்கு இது பயனுள்ளதாகும்.

படத்தில் தோன்றும் குறைகள்

இடைப்பின்னல் கோடுகள்: பழைய ஒளிப்படக்கருவிகள் ஒவ்வொரு சட்டத்தையும் ஒற்றை, இரட்டை வரிகள் கொண்ட இரு பாதிகளாகப் பதிந்தன. கணினி இவ்விரண்டையும் ஒன்றாகக் காட்டும்போது, அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தோன்றும். இயக்கி மென்பொருளில் இடைப்பின்னல் நீக்கத்தை இயக்கினால் இது மறையும்.

நீட்டல்: 4:3 விகிதத்தில் எடுக்கப்பட்ட பழைய பதிவை 16:9 திரை முழுதும் நிரப்பினால் மனிதர்கள் பருத்துத் தெரிவர். தொலைக்காட்சியின் பட அமைப்பில் 4:3 ஐத் தெரிவு செய்ய வேண்டும். இருபுறமும் தோன்றும் கருமை குறையன்று.

ஓர வெட்டு: கதிர்க்குழாய்த் தொலைக்காட்சிகள் படத்தின் ஓரங்களைச் சிறிது மறைத்தே காட்டின. புதிய தொலைக்காட்சிகள் சிலவும் இவ்வழக்கத்தைத் தொடர்வதால், திருமணப் பதிவில் ஓரத்தில் எழுதப்பட்ட பெயர்கள் வெட்டுப்படலாம்.

படுத்த படம்: கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த நிகழ்படத்தில், எத்திசையில் திருப்பிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு கோப்பினுள் இருக்கும். அக்குறிப்பைப் படிக்காத தொலைக்காட்சி, படத்தைப் பக்கவாட்டில் படுத்த நிலையில் காட்டும்.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

ஒருங்குறி முறையில் தமிழில் பெயரிடப்பட்ட கோப்புகளைப் புதிய இயக்குதளங்கள் சரியாகக் காட்டுகின்றன. ஆனால் தமிழ் எழுத்துரு இல்லாத தொலைக்காட்சிகளிலும் டி.வி.டி. இயக்கிகளிலும் பெயருக்கு மாற்றாகக் கட்டங்களோ வினாக்குறிகளோ தோன்றும். கோப்பு ஓடும், எது எதுவென்று அறிவதுதான் கடினம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களைப் பெயரின் தொடக்கத்தில் இடுவது இதற்கு எளிய தீர்வாகும். எடுத்துக்காட்டாக 1998-06-12 எனத் தொடங்கும் பெயர், பெயர் வரிசையில் அடுக்கும் கருவிகளில் காலவரிசைப்படி அடுக்கப்படும். படத்தில் இருப்போர் யார், உறவு என்ன என்பதைத் தனி உரைக்கோப்பில் எழுதி உடன் வைக்கலாம். முதியோர் இருக்கும்போதே தொலைக்காட்சியில் ஓடவிட்டு, அவர்கள் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்வது சிறந்தது. பெயர் தெரியாத முகங்களைப் பின்னர் எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது.

பழைய நாடாக்களை வன்தட்டுக்கு மாற்றுதல்

வி.எச்.எஸ். நாடாவைக் கணினிக்கு மாற்ற, ஓடும் நிலையிலுள்ள நாடா இயக்கியும் நிகழ்படப் பதிவுக் கருவியும் தேவை. மூன்று மணி நேர நாடாவை மாற்ற மூன்று மணி நேரம் ஆகும், விரைவுபடுத்த இயலாது. வி.எச்.எஸ். இயக்கிகளைத் தயாரித்து வந்த கடைசி நிறுவனமாக அறியப்பட்ட யப்பானின் ஃபுனாய், 2016 இல் தயாரிப்பை நிறுத்தியது. ஆகையால் நாளுக்கு நாள் இயக்கிகள் அரிதாகி வருகின்றன. ஈரப்பதத்தில் வைக்கப்பட்ட நாடாக்களில் வெண்ணிறப் பூஞ்சை படர்வதுண்டு. அத்தகைய நாடாவைத் தூய்மை செய்யாமல் ஓட்டினால் நாடா அறுபடலாம். இயக்கியின் தலைப்பகுதியும் கெடும்.

பாதுகாப்பும் காப்புப் படிகளும்

தொலைக்காட்சியில் பார்ப்பதற்காக வீட்டுக்கு வீடு எடுத்துச் செல்லப்படும் வன்தட்டே, பல குடும்பங்களில் அப்பதிவுகளின் ஒரே படியாகவும் உள்ளது. கைதவறி விழுதல், திடீர் மின்தடை, தவறான வடிவமைப்பு ஆகிய மூன்று இடர்களும் இயக்கும் வேளையிலேயே நேர்கின்றன. எனவே பார்ப்பதற்கு ஒரு படியும், காப்பதற்கு வேறொரு படியும் இருத்தல் வேண்டும். பேனா நினைவகங்களும் திண்மநிலை வட்டுகளும் நெடுங்காலம் மின்சாரமின்றிக் கிடந்தால் தரவை இழக்கக்கூடும். ஆதலால் அவை மட்டுமே காப்புப் படியாக அமைதல் கூடாது.

படிகள் எங்கே வைக்கப்படுகின்றன என்பதும் முக்கியம். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்துக்கு அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது. விழுப்புரம் மாவட்டத்தின் பல பகுதிகள் வெள்ளத்தில் சூழப்பட்டன. விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்திலும் நீர் தேங்கியது. விழுப்புரத்தில் ஒரு படியும் திண்டிவனத்து உறவினர் வீட்டில் மற்றொரு படியும் வைத்திருந்தாலும், இரண்டும் ஒரே புயலின் பாதையில் இருந்திருக்கும். ஆகவே ஒரு படியேனும் வேறு மாவட்டத்திலோ இணையச் சேமிப்பிலோ இருத்தல் நன்று. வீட்டிலுள்ள படியைத் தொலைக்காட்சி மேசையின் கீழ்த்தட்டில் வைக்காமல், உயரமான பரணில் நீர்புகா உறையில் இட்டு வைக்கலாம்.

நீரில் மூழ்கிய வன்தட்டுக்கு மின்னிணைப்புக் கொடுத்துச் சோதித்தல் கூடாது. உள்ளே சேறும் ஈரமும் இருக்கையில் தட்டு சுழன்றால், மீட்கக்கூடிய தரவும் அழியும். தரவு மீட்புப் பணியாளரிடம் அப்படியே ஒப்படைப்பதே முறையாகும்.

பதிப்புரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இன் 17 ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் செய்த ஒளிப்படத்துக்கும் நிகழ்படத்துக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, எடுக்கச் செய்தவரே முதல் உரிமையாளர் ஆவார். ஆகவே குடும்பத்தார் தம் திருமணப் பதிவைப் படியெடுப்பதற்கும் வடிவம் மாற்றுவதற்கும் பொதுவாகத் தடையில்லை. பின்னணியில் சேர்க்கப்பட்ட திரைப்படப் பாடல்களின் உரிமை பிறருடையது. அப்பதிவைப் பொது இணையத்தளங்களில் ஏற்றும்போது ஒலி நீக்கப்படுவதற்கு இதுவே காரணமாகும். மூலப் பதிவிலுள்ள பேச்சும் நாதசுவர ஒலியும் பாடலால் மறைக்கப்படாமல் இருக்க, தொகுக்கப்படாத பதிவையும் ஒளிப்படக் கலைஞரிடமிருந்து கேட்டுப் பெற்று வன்தட்டில் வைத்துக்கொள்வது பயனுடையது.

இவற்றையும் பார்க்கவும்

* வன்தட்டு
* கோப்பு முறைமை
* நிகழ்படக் கோடெக்
* எச்.டி.எம்.ஐ.
* வி.எல்.சி. ஊடக இயக்கி
* விழுப்புரம் மாவட்டம்
* திண்டிவனம்